ஜார்ஜ்டவுன் கரையோரப் பழைய நகரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவின் வடகிழக்கு மூலையில், ஃபெர்ரித் துறையை ஒட்டிப் படுத்திருக்கும் பழைய ஜார்ஜ்டவுனைப் பற்றி ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் கேட்கிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குப் பழைய கதையைக் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது.

பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் எது? ஊர் முழுவதுமா?

இல்லை. 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் சேர்த்து ஒரே உலக மரபுரிமைத் தலமாகப் பட்டியலிட்டது. ஜார்ஜ்டவுனில் மையப் பகுதி 109.38 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்பு வளையம் 150.04 ஹெக்டேர். கார்ன்வாலிஸ் கோட்டை, பீச் தெரு வங்கிகள், சூலியா தெருவின் கிழக்குப் பகுதி, லிட்டில் இந்தியா, ஆர்மீனியன் தெரு, வெல்ட் கீ சாலை, அதிலிருந்து கடலுக்குள் நீளும் மரப்பாலக் குடியிருப்புகள் எல்லாம் மையப் பகுதியில் அடக்கம். கொம்தார் கோபுரமும் கர்னி டிரைவ் அடுக்குமாடிகளும் எல்லைக்கு வெளியே. வெளியே எவ்வளவு உயரத்துக்கு வேண்டுமானாலும் கட்டுவார்கள் என்பதைக் கொம்தாரை அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

பீச் தெரு என்று பெயர். அங்கே கடலே இல்லையே?

இருந்தது. 1786-ல் ஊரை நிறுவிய ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் இறங்கிய காலத்தில் அந்தத் தெருதான் கரை. தெருவின் கிழக்குப் பக்கக் கடைகளின் பின்வாசலில் படகு வந்து நின்றது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கடலைத் தூர்த்து, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த பிரெடரிக் வெல்டின் பெயரில் புதிய கரைச் சாலை போட்டார்கள். அதுதான் வெல்ட் கீ. மலாயில் பெங்காலான் வெல்ட். கிட்டங்கிகளும் கப்பல் நிறுவனங்களின் அலுவலகங்களும் அந்தப் புதுநிலத்தில் வரிசையாக எழுந்தன.

இன்று சுங்கத்துறை இருக்கும் கடிகாரக் கோபுரக் கட்டடம் 1907-ல் மலாயா ரயில்வேக்காகக் கட்டியது. தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம்! இங்கே சீட்டு எடுத்து, படகேறி பட்டர்வொர்த் போய் ரயில் பிடிக்க வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. "பழைய நகரத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும்" என்கிறவர்கள், இந்த நகரம் தன் கரையையே ஒருமுறை இடம் மாற்றிய நகரம் என்பதை மறந்துவிடுகிறார்கள். மாற்றம் இங்கே புதிதில்லை. யாருக்காக, எந்த அளவில் என்பதுதான் பேச்சு.

இத்தனை பழைய கடைவீடுகள் இடிபடாமல் எப்படித் தப்பின? யாராவது திட்டம் போட்டுக் காப்பாற்றினார்களா?

பெரும்பாலும் இல்லை. இரண்டு காரணங்கள் தற்செயலாகச் சேர்ந்துகொண்டன.

முதலாவது, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப்போட்டது. குடியிருப்பவரைச் சுலபமாக வெளியேற்ற முடியாது, வாடகையையும் ஏற்ற முடியாது. அப்படியிருக்க, இடித்துக் கட்டுவதில் வீட்டுக்காரருக்கு என்ன லாபம்? கூரை ஒழுகினாலும் கண்டுகொள்ளாமல் விட்டார். குடியிருந்தவர் தகரத்தையும் பிளாஸ்டிக் விரிப்பையும் வைத்துச் சமாளித்தார். கீழே தையல்கடை, மேலே மூன்று குடும்பம், பின்கட்டில் இரண்டு ஒண்டிக்கட்டை என்று ஒரே கூரைக்குள் பலர் வாழ்ந்தார்கள்.

இரண்டாவது, துறைமுகத்தின் சரிவு. 1969-ல் பினாங்கு தன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. பிறகு வந்த தொழிற்சாலைகள் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸுக்குப் போயின. சரக்குப் போக்குவரத்து எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கம் ஒதுங்கியது. பழைய நகரத்தில் பணம் போடப் பெரிதாக யாரும் வரவில்லை. வந்த ஒரே பெரிய திட்டம் கொம்தார். 1974-ல் தொடங்கி 1986-ல் முடிந்த அந்த 65 மாடிக் கோபுரத்துக்காகப் பல தெருக்களின் கடைவீடுகள் மொத்தமாகத் தரைமட்டமாயின. அது இன்னும் நான்கைந்து இடத்தில் நடந்திருந்தால் இந்தப் பக்கத்தை எழுத வேலையே இருந்திருக்காது.

ஆக, ஏழ்மையும் ஒரு பழைய சட்டமும்தான் ஜார்ஜ்டவுனைக் காத்தன. கேட்க உவப்பாக இல்லாவிட்டாலும் நடந்தது அதுதான். இடையில் குரல் கொடுத்தவர்களும் உண்டு. 1986-ல் தொடங்கிய பினாங்கு மரபுரிமை அறக்கட்டளை, பட்டியல், பதவி எதுவும் வருவதற்கு இருபது ஆண்டு முன்பே தெருத்தெருவாகக் கட்டடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கியிருந்தது.

அந்தச் சட்டம் போனதும் என்ன ஆயிற்று?

1997-ல் ரத்துச் சட்டம் வந்தது. சலுகைக் காலம் 1999 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை அறிவிப்புகள் வந்து விழுந்தன. பல மடங்கு ஏறிய வாடகையைக் கொடுக்க முடியாதவர்கள் ஆயிர் ஈத்தாம், ஜெலுத்தோங், இன்னும் தள்ளி எதிர்க்கரைக்கு என்று பெயர்ந்தார்கள். காலியான வீடுகள் பல காலியாகவே கிடந்தன. விலை ஏறும் வரை காத்திருக்கலாம் என்பது உடைமையாளரின் கணக்கு. பூட்டிய கடைவீட்டின் கூரையில் ஆலஞ்செடி முளைக்க இரண்டு மழைக்காலம் போதும்.

அதே 2000-ல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆபத்துப் பட்டியலில் ஜார்ஜ்டவுன் இடம்பெற்றது. யுனெஸ்கோ தகுதி கிடைத்தது அதற்கு எட்டு ஆண்டு கழித்து. குடியிருந்தவர்களில் பெரும்பங்கு கிளம்பிப் போன பிறகுதான் கட்டடங்களுக்குப் பட்டம் வந்தது என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் சொல்வதில்லை.

பட்டியலில் இருப்பதால் இனி எதையும் இடிக்கவே முடியாதா?

யுனெஸ்கோவுக்கு இடிப்பதைத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. அது கேட்கும், ஆள் அனுப்பும், கடைசியில் பெயரை நீக்கும், அவ்வளவுதான். உள்ளூரில் பிடி இருப்பது 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுரிமைச் சட்டத்திலும், நகர ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வந்த சிறப்புப் பகுதித் திட்டத்திலும்தான். அந்தத் திட்டம் அரசிதழில் வெளியானது 2016-ல். பட்டியலில் சேர்ந்து எட்டு ஆண்டுக்குப் பிறகு! அதுவரை வரைவு விதிகளை வைத்தே மாநகர் மன்றம் காலம் தள்ளியது.

இப்போது கட்டடங்கள் வகை பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் வகையில் கோட்டை, பள்ளிவாசல், கோயில், தேவாலயம், கொங்சி (சீனக் குலச் சங்கக் கட்டடம்) போன்றவை. இரண்டாம் வகையில் சாதாரணக் கடைவீடுகளும் குடியிருப்பு வரிசைகளும். இவற்றின் முகப்பு, கூரை, முற்றம், மாடிப்படி இவற்றில் கைவைக்க அனுமதி வேண்டும். காலிமனையிலும் மதிப்பில்லாத பிற்காலக் கட்டடம் நிற்கும் இடத்திலும் புதிதாகக் கட்டலாம். ஆனால் அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

18 மீட்டர் உயரக் கட்டுப்பாடு என்பது என்ன?

மையப் பகுதியில் எதுவும் 18 மீட்டரை, அதாவது ஐந்து மாடி அளவைத் தாண்டக் கூடாது. பட்டியலில் சேர்ந்த கையோடு முதல் சோதனை இதில்தான் வந்தது. பழைய அனுமதிகளைக் கையில் வைத்திருந்த நான்கு ஹோட்டல் திட்டங்கள் மையப் பகுதியிலும் காப்பு வளையத்திலும் உயரமாக எழக் காத்திருந்தன. யுனெஸ்கோ கேள்வி எழுப்பி, 2009-ல் வல்லுநர்கள் வந்து பார்த்தார்கள். வெல்ட் கீயில் எழ இருந்தது ஐந்து மாடிக்குக் குறைக்கப்பட்டது.

அந்த முடிவு சின்ன விஷயமில்லை. ஃபெர்ரியில் வரும்போது கவனியுங்கள்: முன்னால் தாழ்ந்த ஓட்டுக்கூரைகள், நடுவே ஒரு மணிக்கூண்டு, பின்னால் எங்கோ கொம்தார். கரையில் ஒரே ஒரு பன்னிரண்டு மாடி நின்றிருந்தால் இந்த வரிசை முடிந்தது.

கடலுக்குள் இருக்கும் மரவீடுகள் யாருடையவை?

சீனக் குலங்களுடையவை. சியூ, லிம், டான், லீ, இயோ என்று குலத்துக்கொரு மரப்பாலம். பல குலத்தாரும் கலந்து வாழும் பாலமும் ஒன்று உண்டு. ஃபூஜியான் மாநிலத்திலிருந்து வந்த ஹொக்கியன் படகோட்டிகளும் மூட்டை சுமந்தவர்களும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கே குடியேறினார்கள். கப்பல் நடுக்கடலில் நிற்கும். சரக்கைத் தொங்கான் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். வேலை தண்ணீரில் என்பதால் வீட்டையும் தண்ணீரிலேயே கட்டிக்கொண்டார்கள். நிலத்தில் இல்லாத வீட்டுக்கு நிலவரி கிடையாது. நிலப்பட்டாவும் கிடையாது. தற்காலிக உரிமம்தான். அந்த வசதியே பின்னால் வினையாகவும் ஆனது.

2006-ல் கோய் குலத்தின் பாலமும் பெங் ஆன் பாலமும் வீடமைப்புத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டன. கோய் குலத்தாரின் முன்னோர் சீன முஸ்லிம்கள். நான்கு மதமும் ஒரே தெருவில் என்று பெருமை பேசும் ஊரில் இப்படி ஒரு சிறு கூட்டத்தின் குடியிருப்பு, பட்டம் வருவதற்கு இரண்டே ஆண்டு முன்பு அழிந்தது. பட்டா இருந்திருந்தால் பேரம் பேசவாவது செய்திருப்பார்கள்.

மிஞ்சியவற்றில் பெரியது சியூ பாலம். பலகை நடைபாதையில் கால் வைத்ததும் அடியில் சேறும் அலையும் இடுக்கு வழியாகத் தெரியும். முன்வரிசை வீடுகளில் டி-சட்டை, டுரியான் ஐஸ்கிரீம். பாதி தூரம் போன பிறகுதான் துணி காயும், தொலைக்காட்சி ஓடும், கிழவர் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டிருப்பார். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு இங்கே கரும்புக் கட்டுகளோடு மேசைகள் வரிசைகட்டும். ஜேட் வேந்தன் என்று அவர்கள் வணங்கும் வானரசனுக்குப் படையல். அன்று இந்தப் பாலம் முழுக்க முழுக்க அவர்களுடையது.

தமிழர்களுக்கும் இந்தக் கரைக்கும் என்ன தொடர்பு?

ஊர் பிறந்த நாளிலிருந்தே தொடர்பு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் சுமார் ஆயிரம் பேர் குடியேறிவிட்டதாகவும், கப்பல்கள் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுவருவதாகவும் லைட்டே 1790-களில் எழுதியிருக்கிறார். கடை வைத்தவர்கள், கூலி வேலை செய்தவர்கள், படகோட்டியவர்கள். சூலியா தெரு அவர்கள் பெயரில் நிற்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-ல் அவர்களின் தலைவர் காதர் முகைதீன் எழுப்பியது. நாகூர் தர்காவுக்கு ஒரு கிளை சூலியா தெருவிலேயே உண்டு. குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கு 1833 என்று கணக்கு.

செட்டியார்கள் பினாங்குத் தெருவில் கிட்டங்கி போட்டு வட்டித்தொழில் நடத்தினார்கள். தைப்பூசத்துக்கு முருகனின் வெள்ளி ரதம் கிளம்புவது இன்றும் அந்தத் தெருவின் கோயில் வீட்டிலிருந்துதான். தண்ணீர்மலை வரை போய்ச் சேர ஒரு பகல் ஆகும். 1894-ல் வந்த ரதம் அது. பழைய நகரத்தில் எந்தச் சாலையை அகலமாக்கலாம், எங்கே கம்பம் நடலாம் என்று பேசும்போது ரதம் போகும் வழியையும் பார்த்துத்தான் பேச வேண்டும். இதைவிடப் பழைய "போக்குவரத்துத் திட்டம்" இந்த ஊரில் அதிகமில்லை.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களிலும் நம்மவர் ஏராளம். அவர்களுக்காகத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடிபோல் தோளில் சுமந்துவந்து விற்ற சோறும் குழம்பும்தான் நாசி கண்டார். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலிலும், பிறகு 1985 தீவிபத்து வரை சிதம்பரம் கப்பலிலும் வந்திறங்கியவர்கள் மலேசியாவில் முதலில் மிதித்தது இந்தக் கரையைத்தான். அதை நினைவூட்டும் பலகை ஒன்றாவது வெல்ட் கீயில் பளிச்சென்று இருக்க வேண்டாமா? காலனி கம்பெனிகளின் பெயர்கள்தான் கட்டட நெற்றிகளில் புத்தம்புது வண்ணத்தில் மின்னுகின்றன.

புதுப்பிக்கும்போது சிமெண்டு பூசினால் என்ன குறை? அதுதானே உறுதி?

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தால் பாதி வீடுகள் தப்பிக்கும்.

பழைய கடைவீட்டின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு இல்லை. தூர்த்த நிலம், கடலோரம், ஆண்டு முழுக்க மழை. நிலத்தடி ஈரம் உப்பையும் சேர்த்துக்கொண்டு சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சுவர் நனைகிறது, காய்கிறது, மறுபடி நனைகிறது, கேடில்லை. அதன்மேல் சிமெண்டு பூசி நல்ல பெயிண்டும் அடித்தால் முதல் வருடம் கண்ணாடிபோல் இருக்கும். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். பூச்சுக்குப் பின்னால் உப்பு பூத்து, இடுப்பு உயரத்தில் உப்பி, தட்டினால் தொம்மென்று கேட்கும். பிறகு ஒரு நாள் பாளம் பாளமாக விழும்; விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

உங்கள் வீட்டுச் சுவரைச் சோதிக்க வேண்டுமா? நகத்தால் கீறுங்கள். சுண்ணாம்பானால் மாவாக உதிரும். சிமெண்டானால் நகம்தான் உடையும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் குறைவு என்பது உண்மைதான். சென்னையிலும் காரைக்குடியிலும் இதே பாடுதான். இரு கரைக்கும் இந்த வேலையில் பழைய உறவு உண்டு. 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் வேலை செய்தவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு இங்கே நாடு கடத்திய இந்தியக் கைதிகள். முதலில் சென்னைப் பாணியில் தட்டையான தளம் போட்டுப் பார்த்தார்கள். பினாங்கு மழைக்கு அது தாங்கவில்லை. 1864-ல் சரிவுக் கூரையாக மாற்றினார்கள். இந்த ஊருக்கு எது ஆகும் என்பதை மழைதான் முடிவு செய்யும்.

புதுப்பிக்க அரசாங்க உதவி கிடைக்குமா?

கிடைத்திருக்கிறது. 2009 முதல் திங்க் சிட்டி என்ற அரசு சார்ந்த அமைப்பு சிறு மானியங்கள் கொடுத்து, கூரை மாற்றவும் முகப்பைச் சீரமைக்கவும் பலருக்குக் கைகொடுத்தது. மொத்தச் செலவில் அது ஒரு பகுதிதான். மீதியை வாடகையில் எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால், மானியம் வாங்கிச் செப்பனிட்ட வீட்டிலிருந்தே பழைய குடித்தனக்காரர் கிளம்ப வேண்டிவரும். மானிய விண்ணப்பத்தோடு வாடகை ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கி, இத்தனை ஆண்டு இதே வாடகை என்று கட்டிப்போட்டால்தான் இந்தப் பணத்துக்கு அர்த்தம்.

கடைவீட்டுக்குள் பறவை வளர்க்கிறார்களாமே?

வளர்த்தார்கள். உணவாகும் கூட்டுக்காகக் குருவிகளை ஈர்க்க, மேல்மாடியை அடைத்து, துளை போட்டு, பதிவு செய்த குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் விட்டு, உள்ளே எந்நேரமும் ஈரமாக வைத்திருப்பார்கள். மரத்தளமும் சுவரும் ஊறி அழுகின. மரபுரிமைப் பகுதியில் இவற்றை 2013 இறுதிக்குள் அகற்ற மாநில அரசாங்கம் கெடு விதித்தது.

சுவரோவியங்களைப் பார்க்கத்தானே எல்லாரும் வருகிறார்கள்? அது நல்லதுதானே?

ஆர்மீனியன் தெருவில் சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகும் ஓவியம் 2012-ல் லிதுவேனியக் கலைஞர் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்தது. அழகான வேலை. வெயிலிலும் மழையிலும் மங்கி உதிர்வதும் அதன் குணம்தான். அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான நகல்கள்தான் தலைவலி. சுவருக்கு முன் வரிசை நிற்கிறது. சுவருக்குப் பின்னால் இருப்பவர் வாசலைத் திறக்கத் தயங்குகிறார். இருநூறு ஆண்டு ஊரைப் பத்து நிமிடப் படமாகச் சுருக்கிவிட்ட பெருமை இந்த மோகத்துக்கு உண்டு. என் கட்சி: இருப்பது இருக்கட்டும், புதிதாக வேண்டாம்.

மரபுரிமைப் பகுதியில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்?

2009-ல் எடுத்த கணக்கில் சுமார் பத்தாயிரம் பேர். 2013 கணக்கில் ஒன்பதரை ஆயிரத்துக்கும் கீழே. சில தெருக்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் விளக்கெரிவது ஹோட்டலிலும் காப்பிக் கடையிலும் மட்டும்தான்.

ஆள் குறைந்தால் என்ன, கட்டடம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: யுனெஸ்கோ இந்த ஊரைப் பட்டியலிட்டபோது கட்டடத்தை மட்டும் பார்க்கவில்லை. பல இனமும் பல சமயமும் சேர்ந்து வாழும் மரபு என்பதையும் ஒரு காரணமாக எழுதியிருக்கிறது. பூ கட்டுபவர், சொங்கோக் தொப்பி தைப்பவர், ஊதுவத்தி உருட்டுபவர், பெயர்ப்பலகை செதுக்குபவர், நாணயமாற்றுக்காரர் இவர்களெல்லாம் அதில் அடக்கம். மார்க்கெட் தெரு முனையில் அஞ்சடி என்னும் கடைமுன் நடைபாதையில் ஒரு மேசை, வாழைநார், ஈரச்சாக்கு மூடிய மல்லிகைக் கூடை. அந்தப் பூக்கடைக்கு வேண்டியது ஆறடி இடமும், கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருக்கும் நூறு வீடும்தான். வீடுகள் காலியானால் பூக்கடையைச் சட்டம் போட்டு நிறுத்திவைக்க முடியாது.

அப்படியானால் தீர்வுதான் என்ன?

எல்லாவற்றையும் மாநகர் மன்றத்தின் தலையில் போடாமல், உடைமையாளர் பட்டியலைப் பாருங்கள். பழைய நகரத்தில் கணிசமான கடைவீடுகள் தனியார் கையில் இல்லை. கொங்சிகள், கோயில்கள், வக்ஃபு, தேவாலயங்கள், 1906-ல் தொடங்கிய இந்து அறப்பணி வாரியம் போன்றவை பெரிய உடைமையாளர்கள். தங்கள் குலத்தார், தங்கள் சமயத்தார் தங்க இடம் வேண்டும் என்று முன்னோர் எழுதிவைத்த சொத்துகள் பல. சந்தை வாடகையை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இவர்களை யாரும் நெருக்கவில்லை. பத்து வீட்டில் மூன்றை ஹோட்டலுக்குவிட்டு, அந்த வருமானத்தில் ஏழு வீட்டைப் பழைய குடித்தனத்துக்கும் கைத்தொழிலுக்கும் ஒதுக்க இவர்களால் முடியும். தனியார் முதலீட்டாளரிடம் இதை எதிர்பார்ப்பது வீண்.

அறங்காவலர் தேர்தலில் ஓட்டுப் போடும் ஒவ்வொருவருக்கும் இதில் பங்குண்டு. திருவிழாச் செலவைப் பற்றிக் கேட்கிற நாம், கோயில் கடைவீட்டை யாருக்கு, என்ன வாடகைக்கு, எத்தனை ஆண்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்பதில்லை.

பழமை பழமை என்றால் ஊர் வளர வேண்டாமா? பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?

வேண்டும். தீவில் வேலை கொடுப்பது பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் மருத்துவமனைகளும். அவை எதுவும் இந்த 260 ஹெக்டேருக்குள் வந்தே தீர வேண்டியவை அல்ல. கரையோரத்திலும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. வடக்குக் கடற்கரையில் பாடாங் கோத்தா லாமா கடற்சுவரைச் சீரமைத்தார்கள். கோட்டையின் தூர்ந்துபோன அகழியைத் தோண்டி மீட்கும் வேலையைத் தொடங்கினார்கள். ஸ்வெட்டன்ஹாம் துறையில் சுற்றுலாக் கப்பல்கள் நிற்கின்றன. புதிதாக எதுவும் கூடாது என்பவர் நான் இல்லை. வெல்ட் கீயில் காலிக் கிட்டங்கி ஒன்றில் தொழிற்பயிற்சிக்கூடம் வந்தால் முதலில் கைதட்டுவேன். இன்னொரு பூட்டிக் ஹோட்டல் வந்தால் தட்ட மாட்டேன்.

பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்களா?

நடக்காதது இல்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகக் கரை 2004-ல் பட்டியலில் சேர்ந்தது. கரையோர அடுக்குமாடித் திட்டத்தால் 2012-ல் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது. 2021 ஜூலையில் பெயரே நீக்கப்பட்டது. லிவர்பூலில் அதன்பிறகு வானம் இடிந்து விழவில்லை, பயணிகளும் வருகிறார்கள் என்று வாதிடுவோர் உண்டு. ஜார்ஜ்டவுனின் நிலை வேறு. லிவர்பூலில் யுனெஸ்கோ இல்லாவிட்டாலும் நாட்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டங்கள் பலமாக நிற்கின்றன. இங்கே மாநகர் மன்றக் கூட்டத்தில் உயரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் பேச்சு எழுந்தால் தடுக்கக் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அந்தப் பட்டியல்தான்.

பழைய கடைவீடு ஒன்றை வாங்கலாமா?

பணம் இருந்தால் வாங்கலாம். வாங்கும் முன் மழை பெய்யும் நாளில் ஒருமுறை உள்ளே நின்று பாருங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், பொதுக் கூரைக்கால்வாய். அவர் வீட்டு ஒழுகல் உங்கள் உத்தரத்தை அரிக்கும். உள்முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். காற்றும் வெளிச்சமும் அதன் வழியாகத்தான், அனுமதியும் கிடைக்காது. அஞ்சடி உங்கள் நிலமே ஆனாலும் பொதுவழி. அதை அடைத்து மேசை போட்டால் தெருவே உங்களைச் சபிக்கும். யாராவது குடியிருந்தால், "காலி செய்து தருகிறேன்" என்று தரகர் சொல்லும் விலைக்கும், ஆளோடு வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். அந்த வித்தியாசம்தான் ஒரு குடும்பத்தை வெளியேற்றக் கிடைக்கும் கூலி.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது?

காலை ஆறரைக்குப் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வாருங்கள். 2023 முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. வெல்ட் கீயிலிருந்து சூலியா தெரு வழியே மேற்கே நடந்தால் நாகூர் தர்கா, பிறகு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அங்கிருந்து வலப்புறம் திரும்பினால் அதே சாலையில் குவான் யின் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். பகலில் லிட்டில் இந்தியாவில் சாப்பாடு. மரப்பாலங்களுக்கு மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். கதவு திறந்திருந்தாலும் அது வீடு, கேட்காமல் எட்டிப்பார்க்கவோ படம் பிடிக்கவோ வேண்டாம். தங்குவதானால் குடும்பமாக நடத்தும் பழைய விடுதிகள் சூலியா தெருவிலேயே கிடைக்கும். பூவோ சட்டையோ பாத்திரமோ, வாங்குவதை அந்தத் தெருவிலேயே வாங்குங்கள்.